சுலோசனா வீட்டு ஆறு

கல்கத்தா பாலிகஞ்சில் சுலோசனாவின் வீட்டு மாடி ஹாலில் சித்திரை பிறந்த வாரம் ஓர் ஆறு ஓட ஆரம்பித்தது. வடக்கு ஜன்னலுக்குக் கீழே சுவரிலிருந்து புறப்பட்டு, சோபாவுக்கும் டி.வி.க்கும் நடுவே போய், தெற்குச் சுவருக்குள் மறைந்தது. கீழ் வீட்டில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. வெயில் மண்டையைப் பிளந்த நாட்கள் என்பதால் அக்கம்பக்கத்தார் சாயங்காலம் வந்து காலை நனைத்துக்கொண்டு போனார்கள். கீழ் வீட்டில் எல்லோரும் மாஷிமா என்று கூப்பிடும் வங்காளி மாமி, உள்ளே சின்ன மீன்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கூடையோடு வந்தாள். சைவ வீடு என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்ப வேண்டியிருந்தது. வார்டு ஆபீஸ்காரர் ஒருவரும் வந்தார். ஓட்டையே இல்லாத இடத்தில் எதை அடைப்பது என்று கேட்டுவிட்டு, டீ குடித்துப் போனார்.

ஆறு எதனால் வந்தது என்பதில் சுலோசனாவுக்குச் சந்தேகமே இல்லை. அவள் வீட்டில் இரண்டு பேர் வாடகைக்கு இருந்தார்கள். ராட்கா பல்கேரியாக்காரி, கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன் பொருத்த வந்த இன்ஜினியர். கோரான் பக்கத்து நாடான வடக்கு மாசிடோனியாக்காரன். அதே துறைமுகத்தில் கப்பல் இன்ஜின்களைப் பரிசோதிப்பவன். கடலே இல்லாத ஊர்க்காரனுக்குக் கப்பலில் என்ன வேலை என்று ராட்கா கேட்க, முதல் நாள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தயிர்சாதத்தை வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். ராட்கா, தன் ஊர் வழக்கப்படி, போதும் என்பதற்குத் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறவள். அது தெரியாமல் சுலோசனா போட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கலகலப்பில் கோரான் வாய்தவறி ஒன்று சொன்னான்: "என் பாஷை உனக்கு இவ்வளவு நன்றாகப் புரிகிறதே!" ராட்காவின் முகம் சிவந்தது. "உன் பாஷையா? நீ பேசுவது பல்கேரியன்தான். பட்டிக்காட்டுப் பல்கேரியன்." கோரான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான்.

என்ன நடந்தது என்று இருவரும் தனித்தனியே வந்து ஆங்கிலத்தில் முறையிட்டபோது சுலோசனாவுக்கு வியப்பாக இல்லை. இதே கல்கத்தாவில் ரசகுல்லா வங்காளத்துடையதா ஒடிசாவுடையதா என்று படித்தவர்கள் கட்டிப் புரண்டதை அவள் பார்த்திருக்கிறாள். அவள் கணவர், காலஞ்சென்ற வெங்கடநாராயணன், பாங்க் கேன்டீனில் ஒரு கேரள நண்பரிடம், "உங்க பாஷை எங்க தமிழோட பொண்ணுதானே" என்று செல்லமாகச் சொல்லப்போக, அந்த மனிதர் மாற்றலாகிப் போகும்வரை அவரோடு டீ குடிக்கவில்லை. இத்தனைக்கும் வெங்கடநாராயணன் பாலக்காட்டுக்காரர். அவர் பேசுவது தமிழே இல்லை என்று மாம்பலத்து உறவுக்காரர்கள் கேலி செய்தால் இரண்டு நாள் சாப்பிட மாட்டார்.

சண்டைக்கு மறுநாளிலிருந்து ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை. அதாவது, புரியவில்லை என்று இருவருமே சாதித்தார்கள். கோரான் உப்பு கேட்பான். ராட்கா உப்பு ஜாடியில் கையை வைத்துக்கொண்டு சுலோசனாவைப் பார்ப்பாள். சுலோசனா அதே சொற்களைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் ஜாடி நகரும். சாப்பாடு சண்டையில்லாமல் முடிந்தால் சரி என்று அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிச் சொல்லியே பாஷை அவளுக்கு வந்துவிட்டது. அவள் பேசுவது சுத்தமான பல்கேரியன் என்று ராட்காவும், அருமையான மாசிடோனியன் என்று கோரானும் மெச்சினார்கள். பிறகு கோரான் ஹாலின் கிழக்குச் சுவரில் மீசைக்காரப் புரட்சிவீரர் ஒருவரின் படத்தை மாட்டினான். ராட்கா எதிர்ச்சுவரில் அதே மனிதரின் அதே படத்தை மாட்டினாள். செத்து நூறு வருஷத்துக்கு மேலானவரை இரண்டு நாடும் தங்களவர் என்கிறதாம். அன்றைக்குத்தான் நடுவில் தண்ணீர் வந்தது. தங்கள் மலையிலிருந்து வருகிறது என்று இருவரும் சொன்னார்கள்.

நாளாக ஆக ஆறு பெருத்தது. சுலோசனா ஒரு வாக்கியத்தை அக்கரைக்குக் கொண்டு சேர்க்கும்போதெல்லாம் தண்ணீர் ஒரு விரல் ஏறியது. இதை அவள் கவனித்தாள், யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஏனென்றால் பிரசவத்துக்குப் புனேயிலிருந்து வந்திருந்த மகள் மதுவந்தி, கோரானின் அறைக்குப் பக்கத்தில், அக்கரையில் படுத்திருந்தாள். அசையக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. சமையலறையும் மாடிப்படியும் இக்கரையில் இருந்தன. தண்ணீர் முழங்காலைத் தொட்டதிலிருந்து சுலோசனாவுக்குத் தூக்கம் போயிற்று. பெண்ணுக்குக் கஞ்சி கொண்டுபோகும்போதெல்லாம் கால் வழுக்கி, பாதி ஆற்றில் கொட்டியது.

மீசைக்காரரின் நினைவுநாளும் காலபைசாகி என்கிற வங்காளத்துக் கோடைப் புயலும் ஒரே நாளில் வந்தன. கோரான் அக்கரையிலிருந்து படத்துக்குப் பூ வைத்தான். ராட்கா இக்கரையிலிருந்து வைத்தாள். அதன்பிறகு ஏச்சுக்கு ஏச்சு, எல்லாம் சுலோசனா வழியாக. சாயங்காலத்துக்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறி, சுழித்து இரைந்தது. சோபா தெற்குச் சுவருக்குள் போய்விட்டது. அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அம்மா! வலிக்கறதும்மா! தாங்க முடியலே!"

கோரான் ஓடிப்போய்ப் பார்த்து, முகம் வெளுத்துத் திரும்பினான். அவனே போனில் ஆம்புலன்ஸை அழைத்தான். அது வாசலில் வந்து நின்றும்விட்டது. அவளை எப்படிக் கடத்துவது? கிரேன் கயிறு ராட்காவின் அறையில் இருந்தது. கயிற்றைத் தூணில் கட்டி மறுமுனையை வீசச் சொல் என்று அவன் சுலோசனாவிடம் கத்தினான். ராட்கா கயிற்றைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள். எடுத்தவள், வழக்கம்போல, சுலோசனா சொல்வதற்காகக் காத்து நின்றாள்.

சுலோசனா வாயைத் திறந்தாள். முதல் சொல் வெளியே வருவதற்குள் தண்ணீர் மார்பளவுக்கு எழும்பி மின்விசிறிவரை தெறித்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கரையில் மதுவந்தி மறுபடி அலறினாள்.

"நான் சொல்ல மாட்டேன்!" என்று தமிழிலேயே வெடித்தாள். "செத்தாலும் சொல்ல மாட்டேன். அவன் உன்னண்டைதான் சொல்றான், நோக்குக் காது கேக்கறதோன்னோ? என் கொழந்தை போயிடுவாடீ!"

ராட்காவுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் அவள் சுலோசனாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கோரானைப் பார்த்தாள். கயிற்றைத் தூணில் கட்டி, "பிடி!" என்று கத்தி மறுமுனையை வீசினாள்.

"இன்னும் இறுக்கு!" என்றான் கோரான், நேராக அவளிடம்.

தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. ராட்கா கயிற்றைப் பற்றிக்கொண்டு அக்கரை சேர்ந்தாள். பிரம்பு நாற்காலியில் மதுவந்தியை உட்காரவைத்து இருவரும் தூக்கினார்கள். கயிற்றை ஒரு கையால் பற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கியவர்கள் வாயை மூடவே இல்லை. மெதுவாக, முட்டாளே. உன் பக்கம் சாய்கிறது, குருடி. நடு ஆற்றில் நின்றுகொண்டே மீசைக்காரர் பேச்சையும் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு வசவுக்கும் தண்ணீர் வடிந்தது. இக்கரை ஏறும்போது முழங்கால்தான். சுலோசனா மகளின் ஈரப் பாதங்களைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம்.

திரும்பி வந்தபோது ஆறு கணுக்காலளவில் இருந்தது. அதற்குக் கீழே அது இறங்கவில்லை, ஏனென்றால் சண்டை தீரவில்லை. பாஷை யாருடையது, படம் யாருடையது என்று இருவரும் இன்றைக்கும் நேருக்கு நேர் கத்திக்கொள்கிறார்கள். இரண்டு படங்களும் எதிரெதிரே அப்படியே இருக்கின்றன. மீட்டர் பார்க்க வருகிறவர் செருப்பை இக்கரையில் விட்டு, பேண்டை மடித்துக்கொண்டு கடந்து போகிறார்.

பேத்தி தவழ ஆரம்பித்த நாளில் நேராக ஆற்றுக்குத்தான் போனாள். ராட்கா இக்கரையில் குந்தி, கையை நீட்டி, வா வா என்பதற்குத் தன் பாஷையில் "ஏலா, ஏலா" என்று கூப்பிட்டாள். கோரான் அக்கரையில் குந்தி, கையை நீட்டி, "ஏலா, ஏலா" என்று கூப்பிட்டான். குழந்தை நடுவில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்து, தண்ணீரை அடித்தது. அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று மதுவந்தி சமையலறைப் பக்கம் திரும்பினாள். சுலோசனா பாலை இறக்கி வைத்துவிட்டு, பேத்திக்கு மாற்றுச் சட்டை எடுக்கப் போனாள்.