யார் வாங்கிக் கொடுத்த லைசென்ஸ்

அழகுமலை ஷார்ஜா தொழிற்பேட்டையில் வெல்டர். 2008 தொடக்கத்தில் ஊரில் அவன் மகள் பானுப்பிரியா வகுப்பறையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டாள். கூடப் படித்தவன் அப்பாவின் கைத்துப்பாக்கியைப் புத்தகப் பையில் கொண்டுவந்து, தன்னோடு சண்டை போட்டவனைச் சுட்டான். சுடப்பட்டவனும் செத்தான், அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பானுவும் செத்தாள்.

அது கள்ளத் துப்பாக்கி இல்லை. சுட்டவனின் அப்பா கல்குவாரி முதலாளி. அடிதடி வழக்குகள் இருந்தும் தொகுதி அமைச்சர் சிபாரிசு செய்து அவருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். ஊர் திரண்டு கேட்டபோது, சட்டம் தன் கடமையைச் செய்யும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கோடையில் அதே அமைச்சர் ஷார்ஜாவுக்கு வந்தார். தமிழ்ச் சங்கத்தில் பாராட்டு விழா. சங்கத் தலைவர் மீராசா கீழக்கரைக்காரர், அங்கே ரோலா கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். அழகுமலை கடைக்கே போய், விழாவில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றான். மீராசா பயந்துபோனார். கலாட்டா ஆனால் போலீஸ் வரும், உன் விசாவும் என் கடையும் கலாஸ், அத்தோடு முடிந்தது என்றார். அழகுமலை தான் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்புக்குத் திரும்பினான்.

ஆனாலும் விழாவுக்கு வந்தான். கேம்ப் ஆட்களும் அவனோடு வந்து உட்கார்ந்தார்கள். தொகுதிப் பிள்ளைகளின் படிப்புக்காக உயிரையே கொடுப்பேன் என்று அமைச்சர் பேசியபோது, அழகுமலை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். எழுந்து நின்றான்.

"எம் மகளச் சுட்ட துப்பாக்கிக்கு நீங்கதானய்யா சிபாரிசு பண்ணுனீங்க? இன்னும் எத்தன பேருக்குப் பண்ணியிருக்கீங்க?"

அமைச்சர் சிரித்தபடி மைக்கை வாங்கினார்.

"அது ஒரு விபத்து தம்பி. துப்பாக்கி என்ன செய்யும்? வளர்ப்பு சரியில்ல. உன்னை யாரு தூண்டிவிட்டு அனுப்புனா?"

கட்சிக்காரர்கள் இருவர் அழகுமலையின் கையைப் பிடித்து இழுத்தார்கள். கேம்ப் ஆட்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். மேடையில் பொன்னாடையோடு நின்ற மீராசா, அதை நாற்காலியில் வைத்துவிட்டு அமைச்சரின் பக்கத்தில் வந்தார்.

"அவரை விடச் சொல்லுங்க. பிள்ளையப் பறிகொடுத்தவரு கேக்குறாரு. பதில் சொல்லிட்டுப் போங்க, சார்."

அமைச்சர் மைக்கை மேசையில் வைத்தார். சாப்பிடாமலே பின்வாசல் வழியாகப் போனார். யாரோ செல்போனில் எடுத்த காட்சி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. பானுவோடு இறந்த பையனின் அம்மாவோடு சேர்ந்து அழகுமலையின் மனைவி நாகவள்ளி பெண்களைத் திரட்டிச் சாலையை மறித்தாள். குவாரி முதலாளியின் லைசென்ஸ் ரத்தானது. தானே எடுத்த முடிவு என்று அமைச்சர் அறிக்கை விட்டார். ஷார்ஜாவில் அவர் ஆட்கள் மீராசாவைச் சங்கத்தை விட்டு விலக வைத்தார்கள்.

நாகவள்ளி போனில் செய்தியைச் சொன்னபோது அழகுமலைக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"ஒருத்தனோடது போச்சு. மத்தவனுக கையில இருக்கிறது?"

"அதைக் கேக்கத்தான் திங்கக்கெழம எல்லாரும் கலெக்டர் ஆபீசுக்குப் போறோம்" என்றாள் நாகவள்ளி.