இரண்டு துண்டு மல்லி

1

இந்தக் கதை ஒரு கைப்பேசி வீடியோவிலிருந்து வந்தது. நாற்பது நொடி. எடுத்தது நான். படம் ஆடுகிறது, ஏனென்றால் எடுத்தவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சிரிப்புக்கு வெட்கப்பட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: வைகாசி வெயிலில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் உருகிக்—

வேண்டாம். எல்லாக் கதையிலும் வெயில் எதையாவது உருக்குகிறது.

இரண்டாவது: குழந்தைகள் ஆண், பெண் என்ற பழக்கங்களை எந்த வயதில் கற்கிறார்கள் என்று பார்த்தால்—

இது கல்லூரியில் எழுதியது போல இருக்கிறது.

மூன்றாவது: நந்தினிக்கு ஒன்பது வயது. தம்பி அறிவரசனுக்கு ஐந்து. தினமும் காலையில் அவனுக்கு ரெட்டைச் சடை பின்னிவிடுவது அவள்தான்.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

அறிவரசன் தலையில் இருந்தது சாமி முடி. மூன்று வயதில் குலதெய்வத்துக்கு இறக்கியிருக்க வேண்டியது. இரண்டு வருடமும் பங்காளி வீட்டில் சாவு, தீட்டு, தள்ளிப்போய்விட்டது. அதனால் அங்கன்வாடிக்குச் சடையோடு போனான். யாரும் கேலி செய்யவில்லை. சாமி முடி என்றால் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

கடைசியில் இந்த மே மாதம், வாலிகண்டபுரம் பக்கம் கோயிலில் மொட்டை. அடிப்பதற்கு முன், பையனுக்குப் பெண் வேஷம் போட்டுப் படம் எடுப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். நந்தினியின் பழைய பட்டுப்பாவாடை, வளையல், பொட்டு, சடை நிறைய மல்லி. அவன் பாவாடை விரியச் சுற்றினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

நந்தினி தட்டவில்லை. அதே பாவாடை. போன வருடம் அதில் அவள் சுற்றியபோது, "காலு தெரியுது பாரு, அடக்கமா உக்காருடி" என்று அம்மா, அதாவது என் அக்கா கலைமணி, அதட்டியது அவளுக்கு நினைவு வந்தது. தம்பிக்கு ஒரு நாள் விளையாட்டாகக் கிடைத்தது, தனக்கு எல்லா நாளும் உத்தரவாக இருக்கிறது.

[இந்தக் கடைசி வாக்கியம் ஒன்பது வயதுக்குரியதல்ல. என்னுடையது. அவள் நினைத்தது "என் பாவாடை" என்று மட்டும்தான் இருக்கும்.]

3

திரும்பி வரும்போது பெரம்பலூரில் அரியலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். பூக்காரம்மாவைப் பார்த்ததும் கலைமணி, இரண்டு வருடப் பழக்கத்தில், "ரெண்டு துண்டாக் குடுங்க" என்றாள். வாங்கிய பிறகுதான் பார்த்தாள். இரண்டு துண்டு மல்லி, ஒரு சடை, ஒரு மொட்டை.

எங்கள் தம்பி ஜெயப்பிரகாஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "எக்கா, எதுல வைப்ப? சந்தனத்து மேல ஒட்டி வுடுவியா?"

அறிவரசன் கையை நீட்டினான். "எனக்கு?"

"நீ ஆம்பளப் புள்ளடா சாமி. இனிமே பூ வைக்கக் கூடாது."

"காலைல வச்சியே?"

"அது காலைல."

"மருமவனே, மொட்ட அடிச்சா ஆம்பளடா. நாளைக்கு மீச வந்துரும் பாரு," என்றான் ஜெயப்பிரகாஷ். வீடியோவில் என் சிரிப்பு இங்கேதான் அதிகம்.

பையனின் உதடு பிதுங்கியது. காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் தான் என்ன தப்பு செய்தோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

4

இங்கே ஒரு பொய் எழுதி அடித்தேன். அவன் அப்பா வீரமணி அந்தப் பூவை வாங்கித் தன் காதில் செருகிக்கொள்கிறார் என்று. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அப்போது கோயிலில் கறி அண்டா கழுவிக்கொண்டிருந்தார். வீட்டில் சொம்புத் தண்ணீரைக்கூட மோந்து குடிக்காதவர், கோயிலில் ஐம்பது பேருக்குச் சமைப்பார். [அதையும் இந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.]

நடந்தது இது. நந்தினி அந்த இரண்டாவது துண்டை அம்மாவிடமிருந்து வாங்கினாள். தம்பியின் மொட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"மொட்டைல பின்னு நிக்காதுடா. முடி வளரட்டும், நான் வச்சு வுடுறேன்."

"எத்தன நாளாவும்?"

"நூறு நாளு."

"நூறு நாள் வேலயா?" என்றான் ஜெயப்பிரகாஷ். அவனே சிரித்தான். நான் சிரிக்கவில்லை, வீடியோ அங்கே நின்றுவிடுகிறது.

ஒன்பது வருடமாக அவள் கேட்ட காரணம் ஒன்றே ஒன்று: நீ பொட்டப்புள்ள. அதையே திருப்பி, நீ ஆம்பள என்று தம்பி மேல் எறிய அவளுக்கு முழு உரிமை இருந்தது. எறியவில்லை. முடி இல்லை என்பதை மட்டும் சொன்னாள். நான் அறிவியல் படித்தவள். பக்கத்தில் நின்றும் எனக்கு அது தோன்றவில்லை.

[முடி மாதத்துக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். நூறு நாளில் நான்கு. ஹேர்பின் நிற்கும். அவளுக்கு இந்தக் கணக்கு தெரியாது.]

5

ஜூனில் அறிவரசன் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தான். அங்கே பையன்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை.

ஞாயிறுதோறும் நந்தினி ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால் அவன் முடியை அளந்து காலண்டரில் குறிக்கிறாள். முதல் ஆறு வாரம் அசையாமல் உட்கார்ந்தான். ஏழாவது வாரம், "பூவு பொம்பளைக்குத்தானாம். விக்கி சொன்னான்," என்றான்.

"விக்கி தலையவா அளக்குறேன்? ஆடாம உக்காரு."

உட்கார்ந்தான். பத்தாவது வாரம் ஓடிவிட்டான். பதினொன்றாவது வாரம் தானே ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்து, "கதவச் சாத்து" என்றான். அக்கா போனில் இதைச் சொல்லிச் சிரித்தாள். கேட்கலாம், ஆனால் யாரும் பார்க்கக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டுவிட்டான்.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

நூறாவது நாள் அவன் தலையைக் குனிகிறான், அவள் பின் குத்துகிறாள், அம்மா—

அவன் "ச்சீ, போ" என்கிறான். அவள் இரண்டு துண்டையும் தானே—

இரண்டும் என் ஆசையும் என் பயமும். அவர்களுடையது அல்ல. இன்று தொண்ணூற்றொன்றாம் நாள். இன்னும் ஒன்பது நாளில் ஒரு ஐந்து வயதுக்குள் என்னவெல்லாம் நுழையும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவன் என்ன சொன்னாலும் நந்தினி கொடுத்த வாக்கு மட்டும் அப்படியே இருக்கட்டும். அவளுக்கு நான் நன்றி சொன்னதில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நூறாவது நாள் காலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். அவ்வளவுதான் என்னால் எழுத முடிவது. எனக்குச் சத்தமாகப் பேச வராது. இருந்தாலும் பூக்காரம்மாவுக்குக் கேட்கும்படி, "ரெண்டு துண்டாக் குடுங்க" என்பேன். கைப்பேசி பைக்குள் இருக்கும்.