இரண்டு பேருக்கு வேண்டிய வெயில்

அக்கா என்னோடு வராததற்கு மெஷின் ஒன்றுதான் காரணம் என்று சொல்லியிருந்தாள்.

"மூணு வருஷமா அது இல்லாம நான் படுத்ததே இல்ல. உன் வண்டியில பிளக் எங்க இருக்கு? காத்துல சொருகட்டுமா?"

மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கும் மூச்சு மெஷின் அது. அக்காவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அத்தான் இருந்தவரை அவர்தான் மெஷின். முழங்கையால் ஓர் இடி இடிப்பார். அவள் பெருமூச்சு விட்டுப் புரண்டு படுப்பாள். அவர் போனபிறகு டாக்டர் இதை எழுதிக் கொடுத்தார்.

நான் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவள். இருபத்தாறு வருஷம் ஒரே கடை, ஒரே பின்னறை. கடையை மூடியபோது முதலாளி அதன் பழைய டெலிவரி வேனை எனக்கே கொடுத்துவிட்டார். உள்ளே இரண்டு படுக்கை அமைத்தேன். எனக்குச் சாம்பல் நிற உறை, அக்காவுக்கு அவளுக்குப் பிடித்த கரும்பச்சை. நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கலாம். மூன்று மாதம் கடலோரமாகவே போய்விட்டு வர வேண்டும் என்பது திட்டம். தனியாக இருப்பது எனக்குப் புதிதில்லை. ரேடியோவில் பேசுகிறவருக்குப் பதில் சொல்லிப் பழகிப்போனவள் நான். அதனால்தான் இந்தப் பயணத்தையாவது தனியாகப் போகக் கூடாது என்று நினைத்தேன்.

மெஷினுக்கு மின்சாரம் வேண்டும். அதற்குக் கூரையில் சோலார் பேனல் வேண்டும்.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியனை எல்லோரும் ஃப்யூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் சட்டென்று போய்விடுவான், ஐந்து நிமிஷத்தில் தானே திரும்பி வருவான்.

"முதல்ல அந்த மெஷின் ஒரு ராத்திரிக்கு எவ்வளவு இழுக்குதுன்னு தெரியணும் டெய்லரம்மா. அது தெரியாம பேனல் வாங்குறது அளவெடுக்காம சட்டை தைக்கிற மாதிரி" என்றான்.

கையடக்கமான ஒரு மீட்டரைக் கொடுத்தான். அதைச் சுவரில் சொருகி, அதில் மெஷினைச் சொருக வேண்டும். ஓடின மின்சாரத்தை அது கூட்டிக்கொண்டே போகும். மூன்று மாடி ஏறி அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அழைக்காமல் வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள்.

"இது என்னடி, என்னை வேவு பாக்கவா?"

"கரண்ட் எவ்வளவு ஆகுதுன்னு பாக்கத்தான்க்கா. ஒரு வாரம் இருக்கட்டும்."

"இருக்கட்டும் இருக்கட்டும். வீட்டுல பேச்சுத் துணைக்கு ஆச்சு" என்று தானே குனிந்து சொருகினாள்.

அந்த ஒரு வாரம் நான் வேன் கூரையிலேயே கிடந்தேன். ஒட்டுகிற பேனலா, கண்ணாடிப் பேனலா என்பது முதல் கேள்வி. ஒட்டுகிறது எடை இல்லாதது, கூரையோடு வளைந்துகொடுக்கும். ஆனால் தகரத்தோடு ஒட்டிக்கிடந்து வெந்து சீக்கிரம் கெட்டுவிடும் என்றான் ஃப்யூஸ். கண்ணாடிப் பேனல் என்றால் அடியில் காற்றுப் போக இரண்டு விரல் உயரம் விட்டுப் பொருத்தலாம். அதையே எடுப்பதென்று முடிவு செய்தேன். எத்தனை, எவ்வளவு பெரிது என்பதை மீட்டர்தான் சொல்ல வேண்டும்.

அதற்குள் இடம் பார்த்துவைக்கலாம் என்று, பெரிய பேனல் இரண்டின் அளவுக்குப் பழுப்புக் காகிதம் வெட்டிக் கூரையில் ஒட்டினேன். நடுவில், வேனின் உள்காற்றை வெளியேற்றும் காற்றாடியின் மூடி ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. காலையில் அதன் நிழல் ஒரு பக்கம் விழுந்தது, மாலையில் மறுபக்கம். ஒவ்வொரு மணிக்கும் ஏறி, துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் நிழலின் விளிம்பைக் குறித்தேன்.

"கூரைக்கு கவுன் தைக்கிறீங்களா?" என்று ஏணியின் கீழே நின்று சிரித்தான் ஃப்யூஸ். ஏறி வந்து பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "இதை நான் பண்ணியிருக்கணும். கையளவு நிழல் விழுந்தாலே பேனல் சோர்ந்துடும். ரெண்டையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா கோத்தா, சோர்ந்தது மத்ததையும் இழுத்துப் போட்டுடும். தனித்தனியா வயர் இழுத்துக் கடைசியில சேப்போம். அப்போ ஒண்ணு நிழல்ல கிடந்தாலும் இன்னொண்ணு அது பாட்டுக்கு ஓடும்."

எட்டாம் நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படியில் இருந்தாள். "உள்ளதான் இருக்கு, பாத்துக்க" என்று திரும்பாமலே சொன்னாள். மீட்டரில் இருந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து ஃப்யூஸிடம் காட்டினேன்.

"மூணு புள்ளி ஒண்ணா?"

"இல்ல, பூஜ்யம் புள்ளி மூணு ஒண்ணு."

"இருக்காதே. இந்த மெஷினுக்கு ஏழு ராத்திரின்னா ரெண்டரை யூனிட்டாவது வரணும். இது ஒரே ஒரு ராத்திரிக்குக்கூடப் பத்தாது." தலையைச் சொறிந்தான். "உங்க அக்கா வாரத்துல ஒரு நாள்தான் மூச்சு விடுவாங்களா?"

நானும் சிரித்துவைத்தேன். ஆனால் மனசு அக்காவின் கூடத்துக்குப் போய்விட்டது. அங்கே டிவிக்கு எதிரே இருக்கும் சாய்வு நாற்காலிக்கு நான்தான் உறை தைத்தேன். டிவி பார்க்கிறவர்களின் உறை கை வைக்கும் இடத்தில்தான் தேயும். அக்காவுடையது தலை சாயும் இடத்தில் நூல் தெரியுமளவு தேய்ந்திருந்தது. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

அவள் மெஷின் போடுவதே இல்லை. உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். அப்படியானால் மெஷினுக்காக வரவில்லை என்பதும் பொய்தான்.

"அப்போ வேலை சுலபம். சின்ன பேனல் ஒண்ணு போதும். லைட்டு, ஃபேன், ஃபோன், அவ்வளவுதானே? பெருசு ரெண்டு வீண் பாரம்" என்றான் ஃப்யூஸ்.

"பெருசு ரெண்டே போடுப்பா."

"கணக்கு அப்படி வரலையே!"

"ரெண்டரைன்னு வெச்சுக்க."

"பிறகெதுக்கு மீட்டர்? நீங்களே கண்ணை மூடிக்கிட்டு ஒரு நம்பர் சொல்லியிருக்கலாமே!" கோபித்துக்கொண்டு போனான். ஐந்து நிமிஷம் கழித்து ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவனுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை. சின்னதைப் போட்டால், உன் பொய் எனக்குத் தெரியும் என்று கூரையில் எழுதிவைத்த மாதிரி ஆகிவிடும். பெரியதைப் போட்டால் ஒருவேளை அவள் வந்துவிடலாம்.

பொருத்த இரண்டு நாள் ஆயிற்று. கூரையைத் தேய்த்துத் துடைத்து, சாக்பீஸ் கோட்டின்மேல் தாங்கிகளைக் கறுப்புப் பசையால் ஒட்டி, திருகும் போட்டோம். வயர் உள்ளே இறங்க ஒரு துளை போட வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்கத் துணியில் மட்டுமே துளை போட்டவள் நான். டிரில் தகரத்தைத் துளைத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். துளைக்கு மூடி வைத்து, சுற்றிலும் பசையைத் தடவி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. பேனல்களை ஆளுக்கொரு ஏணியில் நின்று தூக்கி வைத்தோம். கடைசி வயரைச் சேர்த்ததும், உள்ளே பேட்டரிக்கு மேலே சுவரில் இருந்த சின்னப் பெட்டியில் எண்கள் விழித்துக்கொண்டன.

மறுநாள் அக்கா கீழே இறங்கி வந்தாள். நடைபாதையில் நின்று நெற்றியில் கை வைத்துக் கூரையைப் பார்த்தாள்.

"இவ்வளவு பெருசா?"

"உன் மெஷினுக்கு வேணுமே."

"மீட்டர்ல எவ்வளவு வந்துச்சு?"

"ரெண்டரை."

அக்கா என்னையே பார்த்தாள். அந்த மீட்டர் அவள் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. எண் என்னவென்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். வண்டிக்குள் ஏறி, பச்சைப் படுக்கையில் உட்கார்ந்து, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். கையை நீட்டினாள். அது என் படுக்கையைத் தொட்டது.

"கை எட்டுற தூரம்" என்றாள். கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். "முட்டி வலிக்குதுடி. இந்தத் தடவை நீ போயிட்டு வா."

முட்டிக்குக் கூரையில் போட எதுவும் கிடையாது.

தனியாகவே கிளம்பினேன். கடலோரத்தில் நிறுத்துகிற இடங்களில் பதினொரு மணிக்கே பேட்டரி நிரம்பிவிடும். நிரம்பினால் பெட்டி மேற்கொண்டு வாங்காது. மிச்ச வெயில் கண்ணாடியைச் சுட்டுவிட்டுச் சும்மா போகும். அது வீணாகப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் பட்டப்பகலில் எல்லா விளக்கையும் போட்டுவைத்தேன். அப்போதும் பேட்டரி தொண்ணூற்றெட்டு சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. முதலில் பைகளைப் பச்சைப் படுக்கையில்தான் போட்டிருந்தேன். இரண்டாம் நாள் எல்லாவற்றையும் கீழே இறக்கி, உறையை இழுத்துச் சரிசெய்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா ஃபோன் பண்ணுவாள்.

"பேட்டரி எவ்வளவு?"

"நூறு. உனக்கு?"

"புள்ளி அறுபத்தாறு. நேத்து மாட்டிக்கிட்டுப் படுத்தேன்ல." பிறகு, "பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ஓ. பக்கத்து வண்டியில ஒரு குடும்பம். நல்லாப் பேசுறாங்க."

மறுநாள் ஒன்று புள்ளி பூஜ்யம் ஒன்று என்றாள். அதற்கடுத்து ஒன்று புள்ளி முப்பத்தாறு, பிறகு எழுபத்தொன்று. நான் சொன்ன ரெண்டரையை விட்டுவிட்டு, மீட்டரில் உண்மையாக இருந்த எண்ணின்மேல் ஒவ்வொரு நாளும் சரியாக முப்பத்தைந்து கூடியது. கையால் போடுகிற தையல் இப்படி வராது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால்தான் வரும். ஒரு ராத்திரிக்கு எவ்வளவு ஆகும் என்று ஃப்யூஸிடம் கேட்டுவைத்திருப்பாள். நான் "நல்லது" என்று மட்டும் சொன்னேன். பக்கத்து வண்டிக் குடும்பத்துக்கு ஒரு நாய்க்குட்டியையும் சேர்த்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலையிலிருந்து நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ஃபோனை எடுத்தபோது என் குரலே கரகரத்தது.

"பேட்டரி?"

"நூறு."

"நாய்க்குட்டி என்ன பண்ணுது?"

"நாய்க்குட்டி இல்லக்கா. பக்கத்துல வண்டியும் இல்ல. முதல் நாள்லேருந்தே யாரும் இல்ல."

அந்தப் பக்கம் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

"பூஜ்யம் புள்ளி மூணு ஒண்ணு" என்றாள் அக்கா. "அப்படியேதான் இருக்கு, மாறல. அதை மாட்டினா யாரோ மூஞ்சியைப் பொத்துற மாதிரி இருக்குடி. நாற்காலியிலதான்..."

"தெரியும். தலை வெக்கிற எடத்துல துணி தேஞ்சிருக்கு."

"தெரிஞ்சுதான் அவ்வளவு பெருசா மாட்டினியா?"

"நீ வருவியோன்னுதான்."

"வண்டியில அவ்வளவு கிட்டப் படுத்துக்கிட்டு, ராத்திரி பூரா நான் செத்தேனா பிழைச்சேனான்னு நீ காதைத் தீட்டிக்கிட்டுக் கிடப்ப. அது வேணாம்னுதான்டி நான்..."

"இங்க காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்க எனக்கு எதுவும் இல்லக்கா. மெஷினையும் எடுத்துக்க, நீ போடாட்டி இடிப்பேன். எனக்கும் முழங்கை இருக்கு."

"உனக்கு எங்க வரும் அத்தான் இடி!" சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அறுந்தது. மூக்கை உறிஞ்சினாள். "சரி, வந்து இந்த மீட்டரை எடுத்துட்டுப் போ. ஃப்யூஸ் தினம் படியேறி வந்து கேக்குறான்."

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நான் போய்ச் சேரும்போது முட்டியைச் சொல்வாளோ, இடுப்பைச் சொல்வாளோ தெரியாது.

காலையில் ஏணி வைத்து ஏறி, இரண்டு பேனல்களிலும் படிந்திருந்த உப்பை ஈரத்துணியால் துடைத்தேன். பிறகு வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.