கிழக்குக் கடைசிப் புள்ளி

சம்பத்குமார் சார் கப்பலிலிருந்து கூப்பிட்டபோது ஜெபா தன் அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அம்மா பரிபூரணத்துக்கு இடுப்பெலும்பு முறிந்து, மதுரையில் ஆபரேஷன் முடிந்து, இராஜபாளையம் வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அம்மா விழாமல் இருந்திருந்தால் ஜெபாவும் அந்தக் கப்பலில்தான் இருந்திருப்பாள். அவளுக்குப் பதிலாகப் போனவன் வாசுதேவ். கூட வேலை பார்ப்பவன், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன்.

சென்னையில் ஒரு கடலாய்வு நிறுவனத்தில் ஜெபாவுக்கு வேலை. கடலில் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் அளக்க வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலை. வங்காள விரிகுடாவின் அடியாழம் சூடாகிறதா, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறதா என்பதுதான் கேள்வி. அடியில் வெப்பம் ஒரு டிகிரியில் நூறில் ஓரிரு பங்குதான் கூடியிருக்கும். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் வெகு காலம் முன்பு அளந்த அதே இடங்களுக்குப் போய்த் திரும்பவும் அளக்க வேண்டும். மிதவைக் கருவிகள் பெரும்பாலும் பாதி ஆழத்தோடு திரும்பிவிடும். அதற்குக் கீழே வேண்டுமென்றால் கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தி, கம்பி வடத்தில் கருவியை இறக்கி, தண்ணீரைப் புட்டிகளில் பிடித்து மேலே ஏற்றியாக வேண்டும். கப்பல் கிடைப்பதே அபூர்வம். அதனால் வரைபடத்தில் சில புள்ளிகளை மட்டும் குறித்திருந்தாள். அந்தமானுக்கு மேற்கே இருந்த கிழக்குக் கடைசிப் புள்ளிதான் அதில் முக்கியமானது. பழைய அளவுகள் அங்கேதான் அதிகம்.

"ஜெபா, அந்தமான் பக்கம் ஒரு காத்தழுத்தத் தாழ்வு உருவாகுது. கடைசிப் புள்ளிய விட்டுட்டுத் திரும்பிடலாமான்னு கேப்டன் கேக்குறார். விட்டா நமக்கு என்ன நஷ்டம்னு நீதான் சொல்லணும்" என்றார் சம்பத்குமார். கப்பலில் ஆய்வுக் குழுவுக்குத் தலைவர் அவர்.

"செத்த நேரம் கொடுங்க சார்."

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து அந்தப் புள்ளியை எடுத்துவிட்டுக் கணக்கை ஓட்டினாள். எல்லாம் குலைந்தது. கடல் சூடாகியிருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வானிலை முன்னறிவிப்பைப் பார்த்தாள். தாழ்வு மெதுவாகத்தான் நகரும் என்று போட்டிருந்தது. திரும்பக் கூப்பிட்டாள்.

"அத விட்டா போனதே வீணாயிரும் சார். தாழ்வு மெதுவாத்தான் நகருதாம். இறக்கி ஏத்த நாலு மணி நேரம் போதும்லா? அதுக்குள்ள முடிச்சிரலாம்."

"சரி. கேப்டன்கிட்ட இப்படியே சொல்றேன்."

போனை வைத்த பிறகுதான் ஜெபாவுக்கு உறைத்தது. கப்பலில் இருப்பவர்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால் முன்னறிவிப்பு பொய்த்திருந்தது. கடலின் மேற்பரப்பு அளவுக்கு மீறிச் சூடாக இருந்ததால் ஒரே இரவில் புயலாகிவிட்டிருந்தது. செயற்கைக்கோள் படத்தில் சுழலும் வெள்ளை மேகத்தின் ஓரம் அவள் குறித்த புள்ளியை மூடியிருந்தது. கப்பல் இருக்குமிடம் காட்டும் பக்கத்தைத் திறந்தாள். குறி அசையவில்லை. சென்னை அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"விடிஞ்சதுல இருந்து தொடர்பு இல்ல. கடைசியா வந்தது ஒரு வரிதான். கருவி அடியில இருக்கும்போது வடம் சுத்துற வின்ச் மாட்டிக்கிச்சாம். கப்பலைத் திருப்ப முடியல. ஒருத்தருக்கு அடின்னு இருக்கு" என்றார்கள் அங்கே.

"யாருக்கு?"

"பேர் இல்ல."

ஜெபா பலமுறை அந்தக் கப்பல் தளத்தில் நின்றிருக்கிறாள். மூன்று கிலோமீட்டர் வடம் கடலுக்குள் தொங்கும்போது கப்பலால் அலைக்கு முகம் கொடுக்க முடியாது. அலை பக்கவாட்டில் அடிக்கும். வடம் இறுகிக் கீச்சிடும். அது அறுந்து சுழன்றால் எதிரில் நிற்கும் ஆளை இரண்டாக வெட்டிப்போடும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். வின்ச்சுக்குப் பக்கத்தில் நிற்பது வாசுதேவின் வேலை. அவள் போயிருந்தால் அவளுடைய வேலை.

"ஏட்டி, ஏன் இப்பிடி வெளுத்துப் போய் நிக்க?" என்றாள் அம்மா.

சொன்னாள். அம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, "வாசுதேவ் பொண்டாட்டிக்குச் சொன்னியா?" என்று கேட்டாள்.

"எப்பிடிம்மா சொல்ல?"

"நேர்ல போய்ச் சொல்லு. டிவியில பாத்து அந்தப் பிள்ள தெரிஞ்சுக்கிடணுமா? என்னைப் பக்கத்து வீட்டு இந்து பாத்துக்கிடுவா, கெளம்பு."

இந்துவை அம்மாவோடு உட்காரச் சொல்லிவிட்டு ஜெபா பஸ் ஏறினாள். மழை பிடித்துக்கொண்டது. மில் ஷிப்டு முடிந்த பெண்கள் தலையில் பஞ்சுத் தூசியோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். கையிலிருந்த போனை அவள் பார்க்கவும் பயந்தாள், பார்க்காமல் இருக்கவும் பயந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போகாமல் பஸ் எங்கேயாவது நின்றுபோனால் தேவலை என்றுகூட நினைத்தாள்.

வாசுதேவின் மனைவி அரவிந்தவல்லி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மழைக்கு லீவு விட்டிருந்ததால் வீட்டில் இருந்தாள். கதவைத் திறந்தவள், நனைந்து நின்ற ஜெபாவின் முகத்தைப் பார்த்ததுமே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உசுரோட இருக்காவளா?"

"தெரியலக்கா."

தெரிந்ததையெல்லாம் சொன்னாள். கடைசியில், "திரும்பிரலாமான்னு கேப்டன் கேட்டாராம். நான்தான் போகலாம்னு சொன்னேன்" என்றாள்.

அரவிந்தவல்லி உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஒரு பழைய கேள்வித்தாளைத் திருப்பி ஜெபா முன்னால் போட்டாள்.

"எங்க நிக்குது கப்பல்? போட்டுக் காட்டு."

ஜெபா கடற்கரையை வரைந்து புள்ளிகளை வைத்தாள். அந்தக் கடைசிப் புள்ளி இல்லாவிட்டால் ஏன் ஒன்றும் சொல்ல முடியாது என்று அரவிந்தவல்லி கேட்டதற்கு விளக்கினாள். அரவிந்தவல்லி கவனமாகக் கேட்டாள்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. அதுல அவிய எங்க இருந்தாவ?"

ஜெபா எழுந்தாள்.

"போகாத. ஒம்மேல கோவம் இல்லன்னு நெனைக்காத, கோவம்தான். ஆனா என்னால தனியா இருக்க முடியாது" என்றாள் அரவிந்தவல்லி.

இரண்டு பேரும் தங்கள் போன்களை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் தடவை அடித்தது கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர். அடுத்தது அரவிந்தவல்லியின் அண்ணன். அடிக்கும்போதெல்லாம் அவள் கை ஜெபாவின் மணிக்கட்டை இறுக்கியது. யாரும் சாப்பிடவில்லை. டிவியைப் போடலாமா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவே இல்லை. வெளியே தெருவில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கூடிக்கொண்டே போனது.

பொழுது சாய்கிற நேரத்தில் சென்னையிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த வழியாகப் போன ஒரு சரக்குக் கப்பல் தகவல் கொடுத்திருந்தது. கப்பல் மூழ்கவில்லை. கேப்டன் வடத்தை வெட்டச் சொல்லிவிட்டு, கப்பலைத் திருப்பி அலைக்கு முகம் கொடுத்துத் தப்பியிருந்தார். அதற்கு முன்பே வின்ச் ஒரு தடவை உதறியதில் வாசுதேவின் வலது கை உள்ளே சிக்கியிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. இரண்டு விரல் போய்விட்டது.

அரவிந்தவல்லி தரையில் உட்கார்ந்து அழுதாள். ஜெபா அவளைத் தொடப் பயந்து பக்கத்தில் நின்றாள்.

வாசுதேவ் ஊருக்கு வந்தபோது மார்கழி பிறந்துவிட்டது. ஜெபா பார்க்கப் போனாள். எப்போதும் கேலி பேசுகிறவன், அடுக்களையில் குக்கர் விசில் அடித்ததும் தூக்கிவாரிப்போடத் திரும்பினான்.

"நீ சொல்லாட்டியும் நானும் போகணும்னுதான் சொல்லியிருப்பேன். அத நெனச்சு அழாத. இதப் பாரு மொதல்ல" என்று இடது கையால் லேப்டாப்பைத் தள்ளினான்.

வடத்தை வெட்டியபோது கருவியும் புட்டிகளும் கடலோடு போய்விட்டன. ஆனால் கருவி இறங்க இறங்க அளந்ததெல்லாம் வடம் வழியாகவே கப்பலின் கம்ப்யூட்டருக்கு வந்திருந்தது. அடியாழத்து வெப்பம், ஜெபா பயந்ததைவிட அதிகம். அதைவிட மோசம், நடு ஆழத்தில் ஆக்சிஜன் கோடு இறங்கி இறங்கி பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

"சென்சார் பொய் சொல்லியிருக்கும்" என்றாள் ஜெபா.

"அப்பிடித்தான் நானும் வேண்டிக்கிட்டு இருக்கேன். புட்டித் தண்ணி இருந்தா சோதிச்சுப் பாத்திருக்கலாம்."

"நெசமா இருந்தா என்ன ஆகும்?" என்று அரவிந்தவல்லி கேட்டாள்.

"கொஞ்சமாவது ஆக்சிஜன் ஒட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அங்க ஒரு மாதிரி கிருமிங்க அடங்கிக் கெடக்கும்க்கா. அது சுத்தமா போயிட்டா அதுக வேலையத் தொடங்கிரும். கடலுக்கு உரமா இருக்கிற நைட்ரஜன் வெளியேற ஆரம்பிச்சிரும். மீனுக்கு இரை குறையும், மீனும் வேற பக்கம் ஓடும். பொறவு அது பழையபடி ஆக நம்ம ஆயுசு பத்தாது."

அரவிந்தவல்லி, "அப்ப மறுபடி யாராச்சும் அங்க போகணும்" என்றாள்.

"நான் போறேன்" என்றாள் ஜெபா.

இந்தத் தடவை அவள் திட்டத்தை வேறு மாதிரி போட்டாள். புயல் காலத்தில் போகவே கூடாது, மார்ச் மாதம்தான். ஒரே புள்ளியை நம்பி நிற்காதபடி அதைச் சுற்றி வேறு புள்ளிகளைச் சேர்த்தாள். வருஷம் முழுக்க அளக்கிற கருவிகளைக் கடலடியிலேயே நங்கூரம் போட்டு விட்டுவர ஏற்பாடு செய்தாள். திரும்புவதா வேண்டாமா என்று கேப்டன் இனிமேல் கரையில் இருக்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதையும் எழுதிச் சேர்த்தாள். அம்மா அதற்குள் வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள். கிளம்பும் அன்று ஜெபாவின் தலையில் கைவைத்து ஜெபம் செய்தாள்.

மார்ச்சில் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. அந்த அமைதிகூட ஜெபாவுக்குப் பிடிக்கவில்லை. கருவி இறங்கி ஏறுகிற வரை வின்ச்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புட்டிகள் பத்திரமாக மேலே வந்தன.

நடு ஆழத்துத் தண்ணீரைக் காற்றுப் படாமல் சிறு குப்பியில் பிடித்தாள். சோதனை மருந்துகளை விட்டு மூடினாள். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் திரிந்து படியும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். குலுக்கினாள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். திரும்பவும் குலுக்கினாள். வேறொரு குப்பியில் பிடித்துப் பார்த்தாள். பக்கத்துப் புள்ளிகளில் பிடித்தபோதும் அதேதான்.

சாட்டிலைட் போனில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூப்பிட்டாள். அரவிந்தவல்லிதான் எடுத்தாள்.

"நல்லா இருக்கியா? கடல் எப்பிடி இருக்கு?"

"எல்லாரும் நல்லா இருக்கோம்க்கா. அலையே இல்ல. அவர்கிட்ட கொடுங்க."

வாசுதேவ் வாங்கியதும் அவசரமாகக் கேட்டான். "என்ன நெறம்?"

"வெள்ளை" என்றாள் ஜெபா.

"அப்ப சென்சார் பொய் சொல்லல" என்றான் வாசுதேவ். ஜெபா போனைக் காதில் வைத்தபடியே கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் பார்த்தாள். வெயிலில் கடல் நீலமாக, எப்போதும் போல அழகாக இருந்தது.