அவங்க உங்களுக்கு யாரு?

அந்தப் பாட்டு வந்த வருடம் எங்கள் ஹவுசிங் போர்டில் அது ஓடாத வீடு இல்லை. சினிமாப் பாட்டு கிடையாது, தனியாக கேசட்டில் வந்தது. ஒரு பையனும் ஒரு பெண்ணும் மாற்றி மாற்றிப் பாடுவார்கள். நாம் ஃப்ரெண்டா, லவ்வரா, ஊர் கேட்டால் என்ன சொல்வது, எதற்குச் சொல்ல வேண்டும், இப்படியே இருந்துவிடலாமே என்று போகும். வியாசர்பாடியில் இருந்துகொண்டு இப்படியே இருந்துவிட முடியுமா? பாட்டு எழுதினவனுக்கு அக்கம்பக்கம் என்று ஒன்று இருந்திருக்காது போல.

எனக்கு அக்கம்பக்கம் இருந்தது, அசோகனும் இருந்தான். எதிர் பிளாக்கில் வீடு, திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் வேலை. தண்டையார்பேட்டையில் நான் வேலை செய்யும் எக்ஸ்போர்ட் கம்பெனி வாசலில் காலையில் என்னை இறக்கிவிட்டுத்தான் அவன் வண்டி திருவொற்றியூர் போகும். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவான். எனக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் போய் நிற்பான். என் அம்மா கன்னியம்மா மீன் குழம்பு வைத்தால் அவனுக்கு ஒரு கிண்ணம் தனியாகப் போகும். ஆனால் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டால், இப்போது என்ன குறைச்சல், நல்லாத்தானே இருக்கிறோம் என்று வண்டியை உதைப்பான். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தான், தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் கொடுங்கையூரிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்து பாதியில் நின்றது. மாப்பிள்ளை தீனா, எண்ணூரில் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். அவருடைய அத்தை எங்கள் பிளாக்கில் வந்து விசாரித்திருக்கிறாள். பொண்ணு ஒருத்தன் வண்டியில் போய் வருகிறது என்று யாரோ புண்ணியவதி ஓதிவிட்டாள். அவர்கள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. இதற்கு ஒரு வழி பண்ணியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஏரியா கேபிளில் தினமும் சாயங்காலம் ஒரு நிகழ்ச்சி வரும். போன் போட்டுப் பாட்டுக் கேட்கலாம், இன்னாருக்காக என்று சொல்லலாம். ஹில்டா என்று ஒரு ராயபுரத்துப் பெண் பேசுவாள். எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்பாள்: அவங்க உங்களுக்கு யாரு? சம்சாரம், தோஸ்து, கொழுந்தியா என்று ஆட்கள் சொல்லுவார்கள். காதலிக்கிற பெண் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் அது பத்திரிகை அடித்து வீடு வீடாகக் கொடுத்த மாதிரி. பிறகு யாரும் மாற்ற முடியாது. பெற்றவர்கள் ரெண்டு நாள் கத்திவிட்டு மூன்றாம் நாள் தேதி பார்ப்பார்கள்.

அதனால் அசோகனிடம் நேராகவே சொன்னேன். அந்தப் பாட்டை எனக்காகக் கேள், என் பேரைச் சொல், அவள் யாரு என்று கேட்கும்போது பதிலைச் சொல், இல்லாவிட்டால் இனிமேல் நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை, மழுப்பவும் இல்லை. வெள்ளிக்கிழமை போடுகிறேன் என்றான்.

வெள்ளிக்கிழமை நான் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டேன். சொல்லவே கூசுகிறது. அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுச் செங்கொடி அக்காவுக்கும் டீ போட்டுக் கொடுத்து டிவி முன்னால் உட்கார வைத்ததும் நான்தான். நான் கதவோரம் நின்றேன். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் கீழே சௌக்கத் அலி பாயின் எஸ்டிடி பூத் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இஸ்திரி போட்ட சட்டையோடு அசோகன் நின்றிருந்தான்.

லைன் கிடைத்தது. பூத்தில் ஏது டிவி, ஆனாலும் ஹில்டா வழக்கம் போல டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். எங்கிருந்து பேசுறீங்க, சாப்பிட்டீங்களா எல்லாம் ஆனது. பாட்டைச் சொன்னான். என் பெயரைச் சொன்னான், பிளாக்கையும் சேர்த்து. செங்கொடி அக்கா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சூப்பருங்க. எழில்மொழி உங்களுக்கு யாரு?"

பூத்துக்குள் அவன் நெற்றியைத் துடைப்பதைப் பார்த்தேன். டிவியில் கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. லைன்ல இருக்கீங்களா என்றாள் ஹில்டா.

"தங்கச்சி," என்றான். "தங்கச்சி மாதிரி."

அண்ணன் தங்கச்சிக்குக் கேட்கிற பாட்டா அது? ஹில்டாவே ஒரு தினுசாகச் சிரித்துவிட்டுத்தான் போட்டாள். பிளாக் முழுக்க என் பெயரில் அந்தப் பாட்டு ஓடியது. பூவைப் பிய்த்து எறிய வேண்டும் போல இருந்தது, செங்கொடி அக்கா பார்த்துக்கொண்டிருந்ததால் அதுவும் முடியவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல பிள்ளை, நம் பேரைக் காப்பாற்றிவிட்டான் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். வேண்டாம் போடி என்று ஒருத்தன் சொன்னால் அவனைத் திட்டித் தீர்க்கலாம். இவன் என்னை மரியாதையாக ஓரம்கட்டிவிட்டான், அதற்குப் பெற்றவள் கும்பிடு போடுகிறாள். அவமானத்தில் எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

காலையில் ஒன்றுமே நடக்காதது போல வண்டியோடு நின்றான். நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன், பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். உன் அம்மா பார்ப்பார்கள், ஊரே பார்க்கும், அந்த நேரத்தில் பயம் வந்துவிட்டது, சும்மா டிவிக்காகச் சொன்னது, நமக்குள் எதுவும் மாறவில்லை என்றான். நமக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். மறுபடியும் கொழுக்கட்டை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

கொடுங்கையூரிலும் அதே கேபிள்தான். தீனாவின் அத்தை ஞாயிற்றுக்கிழமையே பழத்தட்டோடு வந்துவிட்டாள். இல்லாததைப் பொல்லாததை நம்பிவிட்டோம், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று என் கன்னத்தைத் தடவினாள். தீனாவும் வந்திருந்தார். கூச்ச சுபாவம், நல்ல மனுஷர் என்று பார்த்தாலே தெரிந்தது. அம்மா அசோகனையும் வரச் சொல்லியிருந்தாள். வேலை இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லிவிட்டு வராமல் இருந்திருக்கலாம். வந்தான். வந்து எல்லாருக்கும் சோடா எடுத்துக் கொடுத்தான்.

பேச்சு கல்யாணத்துக்குப் போனது. மாப்பிள்ளை மண்டப வாசலில் வந்து நின்றால் பெண்ணோடு பிறந்தவன்தான் மாலை போட்டு உள்ளே கூட்டி வர வேண்டும். அது மச்சானுக்கு உள்ள மரியாதை. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. பெரியப்பா மகன் வரதனைக் கூப்பிடலாம் என்று அம்மா இழுத்தாள். அத்தை அசோகனின் தோளில் தட்டினாள்.

"அதான் டிவிலயே சொல்ட்டியே நைனா, ஊருக்கே தெரியும். நீயே மச்சானா நின்னு மாலயப் போட்டுடு."

அசோகன் என்னைப் பார்த்தான். அப்போதுகூடக் காலம் கடந்துவிடவில்லை. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மற்றதை நான் சமாளித்திருப்பேன், அம்மா காலிலும் அத்தை காலிலும் விழுந்திருப்பேன். அவன் சரிங்க என்றான்.



"இவுரு எனக்கு அண்ணன் இல்ல," என்றேன்.

அம்மா என் கையைக் கிள்ளினாள். அத்தையின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. தீனா குடித்துக்கொண்டிருந்த சோடாவைக் கீழே வைத்தார்.

"அப்ப யாரும்மா?" என்றாள் அத்தை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் அசோகனைப் பார்த்தேன். பதில் சொல்ல வேண்டியவன் அவன். கையில் இருந்த பாட்டிலின் கழுத்தைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றான், தலை நிமிரவில்லை. அவன் நிமிர்வான் என்று இத்தனை பேர் முன்னால் இன்னமும் காத்துக்கொண்டிருக்கிறேனே என்று நினைத்ததும் எனக்கு என் மேலேயே சீ என்று ஆகிவிட்டது.

"யாரும் இல்ல," என்றேன். "எதிர் பிளாக்ல கீறாரு."

வரதனே மாலை போடட்டும் என்று அம்மா அவசரமாகச் சொன்னாள். அத்தையும் அதுதான் முறை என்று தலையாட்டினாள். அசோகன் காலி பாட்டில்களைப் பொறுக்கி எடுத்து, கடையில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.