ஒரு கார்டுக்கு ஒரு குடும்பம்

ரத்தோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே சிறில் வீடியோக் கடை திறந்தபோது, முதல் அங்கத்தவராகச் சேர்ந்தவர் இராயப்பன். அன்றிலிருந்து அரை அங்குலம் வளர்ந்துவிட்டதாக அவரே சொல்லிக்கொள்வார். அளந்து பார்த்தவர் யாருமில்லை. மகள் மரிய கொறற்றி குவைத்தில் வீட்டு வேலை பார்த்து அனுப்பிய டீவியும் வீடியோ டெக்கும், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவருடைய ஒற்றையறைக் காம்பராவில் இருந்தன. சனிக்கிழமை மாலையானால் லயமே அங்கே வந்து உட்காரும். கார்டு அவர் பெயரில். சந்தாவை எல்லோரும் சேர்ந்து போடுவார்கள். முடியாதவர்கள் விறகு கொண்டுவருவார்கள்.

அடுத்த காம்பராச் சந்திரகாந்தா கசெட் சுற்றுவாள். புருஷன் வவுனியாப் பக்கம் வேலைக்குப் போய்க் கடிதம் நின்றுபோன பிறகு, அவள் சிரிப்பதை லயம் பார்த்தது அந்தச் சனிக்கிழமைகளில்தான். படம் முடியவும் லயத்துக்கு வரும் தேயிலைப் பக்டரிக் கரண்டு நிற்கவும் சரியாக இருக்கும். அதனால் ஞாயிறு காலையில் சீவிய குச்சி ஒன்றைக் கசெட்டின் பல்லில் கொடுத்து, கை ஓயும்வரை சுற்றி, நாடாவைப் பழையபடி முதலுக்குக் கொண்டுவருவாள்.

"சுத்திக் குடுக்கிறதுல ஒங்க வீட்ட அடிச்சிக்க ஆளில்ல அண்ணே" என்பான் சிறில்.

எண்பத்தெட்டில் கடையில் ஒரு பலகை தொங்கியது. 'அன்பார்ந்த அங்கத்தவர்களே, உங்கள் நன்மை கருதி இனி ஒரு கார்டுக்கு ஒரு குடும்பம் மட்டுமே. வெளியார் படம் பார்த்தால் கார்டு ரத்து.' இராயப்பன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் படித்தார். நன்மை எங்கேயும் தட்டுப்படவில்லை.

"என்ன தம்பி இது?"

"கொழும்புல எல்லாம் இப்ப இப்பிடித்தான் அண்ணே."

கொழும்பு என்று சொல்லிவிட்டால் எந்த அற்பத்தனத்துக்கும் கழுத்துப்பட்டி கட்டியாகிவிடுகிறது.

துப்பாக்கிக்குப் பயந்து, பொழுது சாய்ந்தால் யார் தட்டினாலும் கதவு திறக்காத காலம் அது. அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை மாலையில், தனியாக மோட்டார் சைக்கிளில் மலையேறி வந்தான் சிறில். நாட்டில் வேறு யாருக்கும் இல்லாத வீரம். எதற்கு என்றால், ஒரு காம்பராவுக்குள் எத்தனை தலை இருக்கிறது என்று பார்ப்பதற்கு.

"இவங்கள்லாம் யாரு அண்ணே?"

"குடும்பம்."

இராயப்பன் இதற்குத் தயாராகத்தான் இருந்தார். லயத்தில் கோட்டு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே வஹகோட்டைக் கோயிலில் எந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றாலும் அவர்தான் ஞானத்தகப்பன். கூப்பிட்டது கோட்டைத்தான், தன்னை அல்ல என்பதும் அவருக்குத் தெரியும்.

"இவன் என் ஞானமகன். அது அவன் ஆத்தா. இந்தா, இவளும் நான் கையில ஏந்தின புள்ளதான். வேணும்னா சாமியார்கிட்டக் கேளு."

சிறிலின் கழுத்திலும் சிலுவை தொங்கியது. ஞான உறவை அவன் மறுக்க முடியாது. கண் மட்டும் ஒவ்வொரு முகமாக மேய்ந்து, மூலையில் நின்றது.

"அந்த அக்கா நெத்தியில துன்னூறு இருக்கே. அவங்களுக்கும் நீங்கதான் ஞானத்தகப்பனோ?"

சந்திரகாந்தா எழுந்தாள். "நான் போறேன் மாமா. படத்த நிப்பாட்டாதீங்க."

"பாருங்க, அவங்களுக்கே வெளங்குது. அவங்க போயிட்டா கார்டுக்கு ஒன்னும் ஆகாது."

இராயப்பன் சந்திரகாந்தாவைக் கைகாட்டினார்.

"ஒன் கசெட்டெல்லாம் சுத்தித் தர்றது இவதான் தம்பி."

"அது சரி அண்ணே. ஆனா சட்டம்னா சட்டம்தானே."

அந்தோனியார் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த கார்டை எடுத்து, சிறிலின் சட்டைப் பையில் அவரே வைத்தார். "ஒன் சட்டத்த நீயே வச்சிக்க. இந்தக் கசெட்டு திங்கக்கெழம வரைக்கும் எங்களுது. நீ குடும்பத்துல இல்ல, வெளியில போ. காந்தா, ஒக்காரு."

திங்கட்கிழமை கசெட்டைக் கடை மேசையில் வைத்தார். திறந்து பார்த்த சிறில் முகத்தைச் சுளித்தான். நாடா முழுவதும் கடைசிப் பக்கத்தில் கிடந்தது.

"சுத்தலியா அண்ணே?"

"சுத்துறவ குடும்பத்துல இல்லியே தம்பி."

தெருவைத் தாண்டி பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வருகிற சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. கார்டு இல்லை, இனி லயத்துக்குப் படமும் இல்லை. சட்டைப் பையில் சந்திரகாந்தாவின் குச்சி குத்திக்கொண்டிருந்தது. அதை எதற்கு எடுத்துக்கொண்டு வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.