இரண்டாவது குப்பி

ஹெர்மீன் நடுத்தெருவில் விழுந்தது அக்டோபர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. தேவாலயத்துக்குப் பின்னால் போகும் சந்தில் முட்டி போட்டுத் தளக்கல் பாவிக்கொண்டிருந்தவள், கையில் பிடித்த சுத்தியலோடு அப்படியே ஒருக்களித்துச் சரிந்தாள். சைக்கிளில் போனவர்கள், காலையிலேயே குடித்திருக்கிறாள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். மேஸ்திரி வொல்பெர்ட்தான் ஓடிவந்து, அவள் சாப்பாட்டுப் பையில் எப்போதும் இருக்கும் ஆரஞ்சு நிற டப்பாவைத் திறந்து, அதிலிருந்த குளுக்ககான் ஊசியை அவள் தொடையில் குத்தினார். ஈரலில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்துக்குள் அவிழ்த்துவிடும் மருந்து அது. பத்து நிமிடத்தில் கண் திறந்தாள். திறந்ததும் வொல்பெர்ட்டின் பூட்ஸ் மேலேயே வாந்தி எடுத்தாள்.

பதினொரு வயதிலிருந்து இன்சுலினை நம்பி உயிர் வாழ்கிறவள் அவள். இப்போது நாற்பத்து மூன்று. முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், கழுத்து வேர்க்கும், உதடு மரத்துப்போகும். உலர்திராட்சை பன் ஒன்றை வாயில் திணித்துக்கொண்டு வேலையைத் தொடர்வாள். முப்பது வருடத்தில் அந்த அறிகுறிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கையில் ஒட்டியிருந்த, சர்க்கரையை அளக்கும் சென்சார் என்னவோ கத்தத்தான் செய்தது. கல் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் அது யார் காதில் விழும்?

கம்பெனி மருத்துவர் அரைப் பக்கத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார். தெரு வேலை கூடாது. சாமான் அறையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கையுறையும் நூல்கண்டும் எடுத்துக் கொடுக்கலாம்.

"கொஞ்ச நாள் இருந்துதான் பாரேம்மா," என்றார் வொல்பெர்ட். "உள்ள கதகதப்பா இருக்கு. காபி மெஷின் வேற இருக்கு."

"அப்ப நீங்க வந்து உட்காருங்க மேஸ்திரி. நான் வெளிய போறேன்."

"நீ செத்துப்போனா உங்க அம்மாவுக்கு நான்தான் போன் போடணும். அது தெரியுமா உனக்கு?"

"தெரியும். நம்பர் வச்சிருக்கீங்கல்ல?"

வொல்பெர்ட் ஒரு பெட்டி கையுறையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். குளிர்காலம் முழுக்க ஹெர்மீன் அந்த அறையில் கிடந்தாள். கிறிஸ்துமஸுக்குள் நாலு கிலோ கூடியது. யார் கதவைத் திறந்தாலும் எரிந்து விழுந்தாள்.

பிப்ரவரியில் நகரத்துப் பெரிய மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இன்சுலின் எடுக்கும் பெரியவர்கள் இருபத்து நாலு பேரை வைத்து ஒரு சோதனை செய்யப் போகிறார்களாம். விருப்பம் இருந்தால் வரலாம். போனாள்.

டாக்டர் ஃபெம்கேவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கிளிப்பில் நிற்காத தலைமுடியை ஒதுக்கி ஒதுக்கிவிட்டுக்கொண்டே பேசினாள். மேஜைமேல் இருந்த கருவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் போல இருந்தது. உள்ளே இரண்டு குப்பிகள்.

"ஒண்ணுல இன்சுலின், சர்க்கரையை இறக்கறதுக்கு. ரெண்டாவதுல குளுக்ககான், ஏத்தறதுக்கு. உங்க மேஸ்திரி மொத்தமா ஒரே குத்துல போட்டதை இது துளித்துளியா விடும். சென்சார் சொல்றதைக் கேட்டு, எப்ப எதுன்னு மெஷினே முடிவு பண்ணிக்கும். ரெண்டு வாரம் ரெண்டாவது குப்பியில நிஜ மருந்து இருக்கும். இன்னொரு ரெண்டு வாரம் மருந்தே இல்லாத வெறும் திரவம். எது முதல்ல வரும்னு குலுக்கல் சொல்லும். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"உழைக்கும்போது தாங்குமான்னு எப்படிப் பாப்பீங்க?"

"ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிஷம் சைக்கிள் மிதிக்கணும். அதோ, அந்த மூலையில இருக்கே."

ஹெர்மீன் திரும்பிப் பார்த்தாள். சக்கரம் இல்லாத ஒரு சைக்கிள், முன்னால் ஒரு டிவி.

"டாக்டர், எங்க ஊர்ல மூணு வயசுல இருந்து எல்லாரும் சைக்கிள் மிதிக்கறாங்க. சைக்கிள் மிதிச்சு நான் எப்பவும் விழுந்ததில்ல. நான் விழுந்தது கல் பாவும்போது. ஒரு நாளைக்கு ஆறு டன் கல்லு இந்தக் கை வழியா போகும். அதை வச்சுச் சோதிங்க."

"திட்டத்துல சைக்கிள்னுதான் எழுதியிருக்கு."

"அதை எழுதினவங்கள்ல ஒருத்தராவது முட்டி போட்டு வேலை பாத்திருக்காங்களா?"

ஃபெம்கே பேனாவைக் கீழே வைத்தாள். "எழுதினது நான்தான்," என்றாள். "இல்ல. பாத்ததில்ல."

"இருபத்து நாலு பேர்ல உடம்பை வருத்தி வேலை செய்யறவங்க எத்தனை பேரு?"

"நீங்க வந்தா ஒருத்தர்."

"அப்ப கல்லு இல்லாம என் கையெழுத்து கிடையாது."

சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கிடைத்த ஒரே வழியை வாய்த்துடுக்கால் தானே கெடுத்துக்கொண்டோமோ என்று மூன்று நாள் தூங்கவில்லை. நாலாம் நாள் ஃபெம்கேவே கூப்பிட்டாள். திட்டத்தை மாற்ற வேண்டுமானால் நெறிமுறைக் குழு சம்மதிக்க வேண்டும், ஏழு வாரமாவது ஆகும், காத்திருப்பீர்களா என்று கேட்டாள்.

"சாமான் அறையில எனக்கென்ன அவசரம்?" என்றாள் ஹெர்மீன்.

மருத்துவமனையின் பின்முற்றத்தில் மர வேர்கள் தூக்கிவிட்ட பழைய தளம் ஒன்று இருந்தது. குழு சம்மதித்ததும், அதைப் பெயர்த்துப் புதிதாகப் பாவ நிர்வாகமும் ஒத்துக்கொண்டது. கல்லும் மணலும் கம்பெனி கொடுத்தது. அவற்றைக் கொண்டுவந்து இறக்கிய வொல்பெர்ட் திரும்பிப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்.

"ஒரு மணி நேரம் தாங்கினா பெரிய விஷயம்," என்றார் நர்ஸ் டினெக்கேவிடம், ஹெர்மீன் காதில் விழும்படி.

மே மாதத்து முதல் சோதனை நாள் அது. இடுப்பில் கருவி, வயிற்றில் இரண்டு மெல்லிய குழாய்கள். மூன்று மணி நேரம் வேலை செய்ய வேண்டும். அங்கே சர்க்கரையை அளக்கும் கணக்கில் ஐந்தோ ஆறோ இருந்தால் நல்லது. நாலுக்குக் கீழே போனால் டினெக்கே பக்கத்தில் வந்து நிற்பாள். மூன்றைத் தொட்டால் வேலையை நிறுத்திவிட வேண்டும். ஹெர்மீன் மணலை மட்டப்பலகையால் இழுத்து, நூல் கட்டி, மீன்முள் வரிசையில் கல்லை அடுக்கத் தொடங்கினாள். ஏழு மாதத்துக்குப் பிறகு உள்ளங்கையில் கல்லின் சொரசொரப்பு. முதல் அரை மணி நேரம் அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எட்டில் தொடங்கிய அளவு ஆறானது. பிறகு நாலரை. கருவி பீப் என்று ஒலித்து, இரண்டாவது குப்பியிலிருந்து எதையோ செலுத்தியது. நாலு. மறுபடியும் பீப். மூன்றரை. டினெக்கே வந்து குனிந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். வெளிச்சத்தை மறைக்காதீங்க."

ஒரே கல்லை மூன்று முறை வைத்து மூன்று முறை எடுத்தாள். அது ஏன் உட்கார மறுக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. திரையில் அளவு மூன்றைத் தொட்டது. நிறுத்துங்கள் என்று ஃபெம்கே சொன்னது எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது.

"நிறுத்த மாட்டேன்! இன்னும் ஒரு வரிசை... ஒரே வரிசை..." நாக்கு குழறியது. டினெக்கே அவள் கையிலிருந்து சுத்தியலை வாங்கி, திராட்சைச் சாற்றை வாயருகே பிடித்தாள். ஹெர்மீன் அதைத் தட்டிவிட்டாள். இரண்டாவது டம்ளரைக் குடித்தாள்.

புத்தி தெளிந்தபோது மணல்மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கோபத்தில்தான். வொல்பெர்ட் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நான் சொன்னேன்ல?"

"வாயை மூடுங்க மேஸ்திரி. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு நாள் இருக்கு."

"இதுக்கப்புறமுமா? பைத்தியமா உனக்கு?"

"நீங்க வரவேணாம். கல்லை மட்டும் அனுப்புங்க."

இரண்டாம் முறையும் வொல்பெர்ட் வந்தார். இந்த முறை கையைக் கட்டிக்கொள்ளவில்லை. அவள் களைத்தால் குடிக்க ஒரு மோர் டப்பாவைக் கொண்டுவந்து டினெக்கேவின் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, மணல் தள்ளுவண்டியைத் தானே எடுத்துக்கொண்டார்.

அன்றும் சர்க்கரை எட்டில்தான் தொடங்கியது. அன்றும் இறங்கியது. ஒன்றேகால் மணி நேரத்தில் நாலே முக்கால். பீப். நாலரை. ஃபெம்கே திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பீப். ஐந்து நிமிடத்துக்கு நாலரையிலேயே நின்றது. பிறகு நாலே முக்கால். பிறகு ஐந்து.

ஹெர்மீனுக்கு யாரும் அளவைச் சொல்லவில்லை. ஆனால் கல் சொன்னபடி கேட்டது. வைத்த இடத்தில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றிலிருந்து குமட்டல் கிளம்பித் தொண்டைவரை வந்தது.

"டினெக்கே, எழுதிக்கோங்க. குமட்டுது. லேசா இல்ல, நல்லாவே குமட்டுது."

"நிறுத்திக்கலாமா?" என்றாள் ஃபெம்கே.

"நான் எழுதிக்கத்தான் சொன்னேன்."

இருபது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பாவினாள். இடையில் ஒருமுறை வேலியோரம் போய்க் குனிந்து நின்றுவிட்டு வந்தாள். வொல்பெர்ட் கேள்வி எதுவும் கேட்காமல் கல்லை அவள் கைக்கு எட்டும் தூரத்தில் அடுக்கிக்கொண்டே இருந்தார். மூன்று மணி நேரம் முடிந்தபோது முற்றத்தின் பாதி நேராகக் கிடந்தது. சர்க்கரை ஐந்தரை.

"இன்னிக்குத்தான் நிஜ மருந்து," என்றாள் ஹெர்மீன்.

"எனக்குத் தெரியாது," என்றாள் ஃபெம்கே, முகத்தில் எதையும் காட்டாமல்.

"எனக்குத் தெரியும். மேஸ்திரி ஊசி குத்தினப்பவும் இப்படித்தான் குமட்டுச்சு."

அடுத்த வியாழக்கிழமை கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சோதனைத் தாளில் அப்படித்தான் இருந்தது. ஹெர்மீனே கையெழுத்துப் போட்டிருந்தாள். தர மாட்டேன் என்று வீட்டில் பூட்டி வைத்துக்கொண்டாலும் பயனில்லை. குளுக்ககான் குப்பியைத் தினமும் காலையில் புதிதாக மாற்ற வேண்டும், அதைக் கொடுப்பது மருத்துவமனைதான். பிடிவாதம் மட்டும் போதாது என்று அவளுக்குப் புரிந்தது. காத்திருப்பு அறையின் காபி மெஷின்மேல் ஒரு தாளை ஒட்டினாள்: "இரண்டு குப்பிக் கருவியைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவர்கள் என்னைக் கூப்பிடுங்கள்." கீழே தன் பெயரும் எண்ணும்.

பதினாலு பேர் கூப்பிட்டார்கள். அதில் ஒரு ஆள், இந்த எழவைக் கழற்றியதும்தான் நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார். ஹெர்மீன் அதையும் குறித்துக்கொண்டாள். மீதிப் பதின்மூன்று பேரோடு மருத்துவமனை இயக்குநரின் அறைக்குப் போனாள். ஃபெம்கேவும் அங்கே இருந்தாள். எல்லோருக்கும் நாற்காலி இல்லை. ஹெர்மீன் நின்றாள்.

"சோதனை முடியாம இது நல்லதா கெட்டதான்னு எங்களுக்கே தெரியாதேம்மா," என்றார் இயக்குநர்.

"தெரியாததாலதானே எங்களைக் கூப்பிட்டீங்க? எங்க உடம்பு வேணும்னப்ப கதவு திறந்திருந்துச்சு. நான் இதைப் புகழ்ந்து பேச வரல சார். குமட்டுது. குழாய் குத்தின இடமெல்லாம் தடிச்சுப்போகுது. சனியன் மாதிரி இடுப்புல கனக்குது. எல்லாத்தையும் எழுதிக் கொண்டாந்திருக்கேன், வேணாம்னு சொன்னவரோட பேச்சையும் சேர்த்து. அப்படியும் இது எனக்கு வேணும். ரெண்டு வாரம் மனுஷியா இருந்திருக்கேன். கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போன்னா போக மாட்டேன்."

இயக்குநர் ஃபெம்கேவைப் பார்த்தார். ஃபெம்கே எழுந்து, தானும் ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருப்பதாகச் சொல்லி அதை மேஜைமேல் வைத்தாள். அது ஹெர்மீனுக்கே புதுச் செய்தி.

மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். பிறகு, விரும்புகிறவர்கள் மாதம் ஒருமுறை வந்து காட்டிக்கொண்டு ஒரு வருடம்வரை கருவியை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. ஒரு வருடம்தான். அதற்குப் பிறகு என்னவென்று கேட்டு, அனுமதி வந்த அன்றே ஹெர்மீன் அடுத்த கடிதத்தைப் போட்டாள்.

கம்பெனி மருத்துவர் அசையவில்லை. சோதனை முடிவு வரட்டும் என்றார். முடிவு அக்டோபரில் வந்தது. முத்திரையிட்ட உறையைப் பிரித்து ஃபெம்கே போனில் சொன்னாள்: முதல் முறை வெறும் திரவம், இரண்டாம் முறை குளுக்ககான். முடிவுத் தாளோடு வொல்பெர்ட்டின் கடிதம் ஒன்றும் கம்பெனி மருத்துவரிடம் போனது. அதில் என்ன எழுதினார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனியாக வேலை செய்யக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு தெரு வேலைக்கு அனுமதி கிடைத்தது.

நவம்பர் மாதத் திங்கள்கிழமை. ஆற்றங்கரைச் சாலையில் தூறல். மதியத்துக்கு முன்னால் ஹெர்மீன் பதினொரு வரிசை முடித்திருந்தாள். இடுப்பில் கருவி அதிர்ந்தது. சற்று நேரத்தில் தெரிந்த குமட்டல் எழும்பியது. அவள் நிமிர்ந்து, எச்சிலைத் துப்பிவிட்டு, ஆற்றைப் பார்த்தபடி நாலு மூச்சு விட்டாள். வொல்பெர்ட் கல் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. மழை வலுக்கறதுக்குள்ள கல்லைத் தள்ளுங்க."